நிறுத்திய இடம்

பஸ் போய்விட்டது. போய்விட்டது என்று தெரிந்த பிறகும் சண்முகவடிவு அது நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்துக்குள் இன்னொரு பஸ் பின்பக்கமாக வந்து புகுந்தது. கண்டக்டர் ஒருத்தர் விசில் ஊதிக்கொண்டே "தள்ளுங்கம்மா, தள்ளுங்க" என்றார். தள்ளினாள். எதிலிருந்து தள்ளி எங்கே போய் நிற்பது என்பதுதான் உடனே விளங்கவில்லை. அக்கா பார்வதி அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, பையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஒரு மாசம் நான் தூத்துக்குடியில வச்சுப் பாக்கேன். நீ கொஞ்சமாவது தூங்குளா" என்று சொன்னது காதில் இருந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள். நல்ல தெளிவான பார்வை. அந்தத் தெளிவைப் பார்த்து, தன்னை அடையாளம் தெரிந்துவிட்டதோ என்று வடிவுக்கு ஒரு நிமிஷம் ஆசைகூட வந்துவிட்டது. அப்புறம் அம்மா சொன்னாள், "நேரமாயிட்டும்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. உங்க வீட்ல தேடுவாக." பெற்ற மகளை நீங்க என்றாள். யாரோ நல்ல மனுஷி, முன்பின் தெரியாதவள், பஸ் ஏற்றிவிட வந்திருக்கிறாள், அவளை வெயிலில் காக்க வைப்பது முறையில்லை என்கிற மரியாதை. பார்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவு, "சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்றாள். வேறு என்ன சொல்வது? "நான்தாம்மா வடிவு" என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே தேய்ந்துபோய், யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. பஸ் வளைந்து வாசலைத் தாண்டுகிறபோது அவளுக்குள் எதுவோ ஒன்று இறங்கி லேசானது. அது துக்கமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். துக்கம் இல்லை. ஆசுவாசம். அப்பாடா என்று இருந்தது. பெற்றவளை அனுப்பிவிட்டு அப்பாடா என்று நிற்கிறாளே, இவளும் ஒரு மகளா என்று உடனே அடுத்த குரலும் வந்தது. ரெண்டு குரலுமே அவளுடையதுதான். நடக்க ஆரம்பித்தாள். கால் தன்பாட்டுக்குப் பஸ் ஸ்டாண்டின் மேற்கு ஓரத்துக்கு, வண்டிகள் விடுகிற ஸ்டாண்டுக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு போனது.

தகரக் கூரைக்கு அடியில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கூரை சுட்டு, அந்தச் சூடு தலையில் இறங்கியது. அவள் வழக்கமாக விடுகிற இடம் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பெரிய கறுப்பு பைக் நின்றது. சரி, இன்றைக்கு இடம் கிடைத்திருக்காது, தள்ளி விட்டிருப்போம் என்று கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். சாம்பல் நிற ஸ்கூட்டர். முன்பக்க மட்கார்டில் ஒரு கீறல். சீட்டின் ஓரம் கிழிந்து, அதில் அவள் புருஷன் பிரமநாயகம் அத்தான் ஒட்டிக் கொடுத்த கறுப்பு டேப். இவ்வளவு அடையாளம் இருக்கிற வண்டியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நடந்தாள். சாம்பல் நிற ஸ்கூட்டர்கள் ஊரில் இத்தனை இருக்கிறதென்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒன்றில் கீறல் இருந்தது, டேப் இல்லை. இன்னொன்றின் சீட்டில் யாரோ ஈரத் துண்டை விரித்திருந்தார்கள், தூக்கிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தூக்கிப் பார்த்தாள். இல்லை. நாலாவது வரிசையில் பாதி போனதும், இரண்டாவது வரிசையை முழுக்கப் பார்த்தோமா, பாதியில் திரும்பிவிட்டோமா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போனாள். ஈரத் துண்டு மறுபடியும் வந்தது. அப்படியானால் இது பார்த்த வரிசை. இல்லை, ஈரத் துண்டு மூன்றாவதிலா இருந்தது? காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும், இடம் தானாக வந்துவிடும். விட்டது. ஸ்டாண்டு போட்டது. சாவியை எடுத்தது. ஹேண்டிலை ஒரு பக்கமாக வெட்டிப் பூட்டியது. எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது இன்றைக்கு நடந்ததா, நேற்று நடந்ததா, போன மாசம் எந்த நாளிலாவது நடந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வேலை நாளும் இங்கே வண்டியை விட்டுவிட்டுத்தான் பஸ் பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். எத்தனையோ காலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பளம் மாதிரி அடுக்கி, ஒட்டிக்கொண்டு கிடந்தன. இன்றைய காலை மட்டும் தனியாக உரிந்து வரமாட்டேன் என்றது.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இல்லை, அம்மாவுக்கு இப்படி இல்லை. அம்மாவுக்கு இடம்தான் முதலில் போனது. பெயரெல்லாம் அப்புறம்தான். டவுனுக்குப் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள், தினமும் இறங்குகிற நிறுத்தத்தைத் தாண்டிப் போய், எங்கோ இறங்கி, ஒரு செருப்புக் கடை வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் போன் பண்ணினார். போய்க் கூட்டிவந்தபோது, "கண்டக்டர் பராக்குப் பாத்துட்டான்ளா" என்று சிரித்தாள். வடிவும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் எல்லாருமே சிரித்தார்கள். மகள் ஆதிரை அப்போது பிளஸ் டூ. "ஆச்சி டூர் போயிட்டு வந்துட்டா" என்று கேலி பண்ணினாள். இப்போது அந்தப் பிள்ளை கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறது. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது. சிரிக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அப்போதே டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் காட்டியிருக்கலாம். அன்றைக்கு அம்மாவின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று வடிவு ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தச் செருப்புக் கடை வாசலில், வெயிலில், எல்லாம் தெரிந்த ஊர் திடீரென்று தெரியாத ஊராக மாறி நின்றபோது, அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன இருந்திருக்கும்? இதுவா? நெஞ்சுக்குக் கீழே ஒரு வெறுமை, மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைக்கிற மாதிரி. கை சாவியை இறுக்கி, இறுக்கின இடம் வலிக்கிறது. அம்மாவுக்கு எழுபத்திரண்டில் வந்தது. எனக்கு நாற்பத்தெட்டு. சில பேருக்குச் சீக்கிரமே வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். எங்கே படித்தாள்? அது நினைவில்லை. அது நினைவில்லையே என்று மறுபடி ஒரு திடுக்.

தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். இன்றைக்கு என்ன கிழமை? சனி. ஆதிரை பிறந்தது ஆவணியில், மழை பெய்த ஒரு காலை. அத்தானுக்கு இந்த வாரம் மதிய ஷிஃப்ட், மில்லுக்கு ஒரு மணிக்கு மேல்தான் கிளம்புவார். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடைக்கு எவ்வளவு, பெரியவர்களுக்கு எவ்வளவு, வயிற்றுப்போக்குப் பொடியை எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும், எல்லாம் மடமடவென்று வந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை கொடுக்கிறவள். அந்த ஊர்ச் சனங்களுக்கு இன்னும் அவள் கம்பவுண்டரம்மாதான். "கம்பவுண்டரம்மா, இது சாப்பிடுததுக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்பார்கள். அவள் சொன்னால் அதுதான் வேதம். காலையில் என்ன சாப்பிட்டோம்? இட்லி. இட்லி அம்மாவுக்கு ஊட்டியது. சட்னி வேண்டாம் என்று அம்மா தட்டைத் தள்ளியது. சேலையில் சிந்தியது. சேலை மாற்றினோம். இல்லை, சேலை அம்மாவுக்கு மாற்றியது. நாம் சாப்பிட்டோமா?  அந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்த வெள்ளைக்குள் வியாழக்கிழமை வந்து நின்றது. வரக்கூடாது என்று ரெண்டு நாளாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். வந்துவிட்டது. மாடசாமி என்று ஒரு பெரியவர், பிரஷருக்கு மாத்திரை வாங்க மாசாமாசம் வருகிறவர். சீட்டை வாங்கினாள், படித்தாள், வாயால் சொல்லவும் செய்தாள், "காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு." கவரில் போட்டுக் கொடுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டுகிறபோது, மேஜையில் பிரஷர் மாத்திரை அப்படியே கிடந்தது. அவருக்குப் போனது சர்க்கரை மாத்திரை. செருப்புப் போடாமல் ஓடினாள். வேப்பமரத்தைத் தாண்டி வாசல் கேட் பக்கம் போய்விட்டார். "என்னம்மா, இப்பிடி ஓடி வாரீய, கீழ விழுந்திராதீய" என்று அவர் அவளுக்காகப் பயந்தார். கவர் மாறிவிட்டது என்று சொல்லி வாங்கி, சரியானதைக் கொடுத்தாள். கவர் மாறிவிட்டதாம். கவரா மாறியது? யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது, அத்தானுக்குத் தெரியாது. சர்க்கரையே இல்லாத கிழவர், அதை ஒரு மாசம், காலையும் சாயந்தரமும், கம்பவுண்டரம்மா கொடுத்தது என்று நம்பி முழுங்கியிருந்தால்? அந்த யோசனை அதற்குமேல் போகாது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்து, மாட்டிக்கொண்ட சேலை முந்தி மாதிரி இழுக்கும், கிழியும், நிற்கும்.

"யக்கா, என்னத்தத் தேடுதீய?" என்று ஸ்டாண்டுக்காரர் அந்தோணி நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அவர் டோக்கன் கொடுப்பதில்லை, முகம்தான் கணக்கு. "வண்டியக் காங்கல" என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை பெரிதாகி, கூரைக்கு அடியில் எல்லாருக்கும் கேட்ட மாதிரி இருந்தது. "இங்கன விட்டா எங்க போகப் போவுது? உள்ளதான் கிடக்கும். பயலுவ தள்ளி வச்சிருப்பானுவ. நம்பரச் சொல்லுங்க" என்றார். நம்பர். வாயைத் திறந்தாள். நம்பர் வந்தது. ஆனால் ரெண்டு நம்பர் வந்தது. ஒன்று இந்த வண்டியினுடையது, இன்னொன்று இதற்கு முந்தி வைத்திருந்த பழைய மொபெட்டினுடையது. எது எது என்று சொல்ல வரவில்லை. டி.என். எழுபத்திரண்டு என்று ஆரம்பிப்பது ரெண்டுக்கும் பொது. "எனக்கே தெரியும், பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். நடையில் தெரிந்தவள் மாதிரி ஒரு தோரணை இருக்க வேண்டும் என்று பார்த்தாள். அம்மாவுக்கும் அந்தத் தோரணை உண்டு. தெரியாததைக் கேட்டால், "தெரியாம என்ன, உனக்குச் சொல்ல மாட்டேன்" என்பாள். கடைசி வரிசையில், சுவரோரம், சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று நின்றது. கீறல் இருக்கிறது. சீட்டில் டேப் இருக்கிறது. இருக்கிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாவியைப் போட்டுத் திருகினாள். திரும்பவில்லை. அழுத்தித் திருகினாள். "மேடம், என்ன செய்யுதீங்க?" என்று பின்னால் ஒரு குரல். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆள், கையில் ஹெல்மெட். "இது என் வண்டி" என்றான். "இல்ல, இது என்..." என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். டேப் பச்சை. ஹேண்டிலில் ஒரு சின்னச் சிலுவை தொங்கியது. இவ்வளவு நேரம் அந்தச் சிலுவை எங்கே இருந்தது? "மன்னிச்சிருங்க தம்பி, என் வண்டியும் இதே மாதிரிதான்" என்றாள். அவன் சாவித் துவாரத்தைக் குனிந்து பார்த்தான். அவளை ஒரு தரம், கைப்பையை ஒரு தரம் பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அந்தோணியிடம் நின்று ஏதோ சொன்னான். ரெண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். திருட்டுக்காரி என்று சொல்லியிருப்பானோ, புத்தி சரியில்லை என்று சொல்லியிருப்பானோ? திருட்டுக்காரி என்றே சொல்லியிருக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

போன் அடித்தது. பார்வதி. "வல்லநாடு தாண்டிட்டோம். அம்மா தூங்கிட்டா" என்று மெதுவாகப் பேசினாள். "ஏறினதுமே என் தோள்ல சாஞ்சா, அப்பிடியே அசந்துட்டா. நீ சொன்ன மாரில்லாம் ஒரு பாடும் படுத்தலியே." அக்கா நல்லதைத்தான் சொன்னாள். தங்கைக்குக் கவலை வேண்டாம் என்று சொன்னாள். அது வடிவின் காதில் விழுந்து, உள்ளே போகிற வழியில் வேறாக மாறிவிட்டது. ஒரு பாடும் படுத்தவில்லையாம். ரெண்டு வருஷமாக ராத்திரி ராத்திரி எழுந்து கதவுத் தாழைத் திறந்து, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று நிற்கிற அம்மா, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து படுக்க வைத்தால் கடிக்கிற அம்மா, அக்கா தோளில் பச்சைப்பிள்ளை மாதிரி தூங்குகிறாள். அப்படியானால் படுத்தியது அம்மாவா, நானா? நான் பார்த்த விதம்தான் சரியில்லையோ? என் வீட்டுக் காற்றில்தான் ஏதோ இருக்கிறதோ? "சரிக்கா" என்றாள். "நல்லதுதானக்கா" என்றாள். "நீ வீட்டுக்குப் போயிட்டியா?" என்று அக்கா கேட்டாள். "போயிட்டே இருக்கேன்" என்றாள். போனை வைத்ததும் அது வந்தது. சில மாசமாக வருகிறதுதான். அடிவயிற்றிலிருந்து ஒரு அனல் கிளம்பி, மார்பு, கழுத்து, காது மடல் என்று ஏறி, உலை மூடியைத் தள்ளுகிற ஆவி மாதிரி உச்சந்தலையில் போய் முட்டும். முதுகு நனைந்தது. ஜாக்கெட் ஒட்டியது. இது இந்த வயசில் வருவது, பெண்களுக்கு வருவது, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்கள் எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள், "அது மாசவிலக்கு நிக்கிற நேரந்தான், பயப்படாதீய, தூக்கம் கெடும், மறதி வரும், போகப் போகச் சரியாயிரும்." மறதி வரும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இது அதுவா? அம்மாவுடையதா? ரெண்டும் ஒரே கதவைத் தட்டினால் உள்ளே இருக்கிறவளுக்கு வந்தது யார் என்று எப்படித் தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா, அழுகையா, அதுவும் தெரியவில்லை. காலையில் காற்று நன்றாக அடித்ததே. முகத்தில் அடித்து, அம்மாவின் முந்தி பறந்து அவள் வாயில் வந்து மோதியதே. அம்மா "பிடி, பிடி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே. அது எங்கே? அது இன்றைக்கா? ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கா? ஸ்கூட்டரில் கம்பி ஏது? அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தாள். அதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கேள்வி கையிலிருந்து விழுந்துவிட்டது.

ஸ்டாண்டின் ஓரத்தில் கட்டை மதில் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தாள். அத்தானைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று போனைத் திறந்தாள், மூடினாள். கூப்பிட்டால் வண்டி தொலைந்தது என்று சொல்ல வேண்டும். தொலையவில்லை என்று ஆகிவிட்டால் அதைவிட மோசம். அவர் கோபப்படுகிறவர் இல்லை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எது உடைந்தாலும், எது கசிந்தாலும், ஆதிரைக்குக் காய்ச்சல் என்றாலும், மாமனாருக்குக் கடைசி வருஷத்தில் படுக்கையில் எல்லாம் என்றாலும், அவள்தான் முன்னால் போய் நிற்பாள். நின்று நின்று, வடிவு இருக்கிறாள் என்பது அந்த வீட்டில் சுவர் இருக்கிறது என்பது போல ஆகிவிட்டது. சுவர் போன் பண்ணி, எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொன்னால் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆனாலும் விரல் அழுத்திவிட்டது. ரெண்டாவது மணியிலேயே எடுத்தார். "அம்மைய ஏத்தி விட்டாச்சா?" என்றார். "ஆச்சு அத்தான். அத்தான், வண்டியக் காங்கல." "எந்த வண்டி?" "என் வண்டிதான். ஸ்டாண்டுல விட்டேன். எல்லா வரிசையும் பாத்துட்டேன். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான் போல. போலீஸ்ல சொல்லணுமா?" அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, பக்கத்து வீடாக இருக்கும். பிறகு அவர் ரொம்ப மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைக்கிறவர் மாதிரி, சொன்னார். "வடிவு, நீ வண்டியில போகல. ஆட்டோவுல போனீங்க. நீ, அம்மை, மதினி மூணு பேரும். நான்தான பையத் தூக்கி வச்சேன். வண்டி இங்க வாசல்ல நிக்கி."

 ஆட்டோ என்ற சொல்லுக்குப் பின்னால் முழுக் காலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பி, காற்று, அம்மாவின் முந்தி, ஆட்டோக்காரர் குறுக்கே வந்த மாட்டைத் திட்டியது, பார்வதி மடியில் டிபன் டப்பா. எல்லாம் இருந்தது. எங்கேயும் போகவில்லை. இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அவள்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு காலையைத் தேடியிருக்கிறாள். வண்டி தொலையவில்லை என்பதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. இல்லாத வண்டியைத் தேடியிருக்கிறேன், அடுத்தவன் வண்டியில் சாவியைப் போட்டிருக்கிறேன், சிலுவையைப் பார்க்கவில்லை. "வடிவு? லைன்ல இருக்கியா?" என்றார். இப்போது அவள் சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அட ஆமா, மறந்தே போயிட்டேன் பாருங்க, பஸ் பிடிச்சு வந்திருதேன் என்று சொல்லிச் சிரித்தால் அவரும் சிரிப்பார், முடிந்துவிடும். செருப்புக் கடை வாசலில் முடிந்த மாதிரி. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. "எனக்குப் பயமா இருக்கு அத்தான்" என்றாள். சொன்னது தான்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. "அம்மைக்கு வந்தது எனக்கும் வந்துட்டோன்னு பயமா இருக்கு." மிக்ஸி நின்றது. "இப்ப எங்க இருக்க?" என்றார். சொன்னாள். "அங்கனயே இரி. நான் வாரேன்." "உங்களுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாயிருமே." "அதப் பாத்துக்கிடலாம். நீ எந்திரிச்சு எங்கயும் போவாத." அவள் சரி என்றாள்.

காத்திருந்த நேரத்தில் யோசனை நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றியது, ஆனால் சுற்றுகிற வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி, நடுவில் உட்கார்ந்துகொள்ள இடம் கிடைத்த மாதிரி இருந்தது. எதிரில் பெட்டிக் கடையில் ஒருத்தி குழந்தைக்கு முறுக்கை உடைத்து உடைத்துக் கொடுத்தாள். அந்தோணி ஒரு தரம் வந்து, "வண்டி கிடச்சிட்டாக்கா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். "நான் இன்னைக்கு வண்டியே கொண்டாரல, ஆட்டோவுல வந்துட்டு மறந்துட்டேன்" என்றாள். அவர் ஒரு நிமிஷம் முழித்தார். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன பார்த்தார் என்று அவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னது வாய்க்கு வினோதமாக, புதுப் பல் கட்டின மாதிரி இருந்தது. பிரமநாயகம் பைக்கில் வந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது.  "போவமா?" என்றார். "கொஞ்சம் இருங்க. ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் போயிட்டா சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மதிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வியாழக்கிழமையைச் சொன்னாள். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. வேப்பமரம் முதலில் வந்தது, மாத்திரை கடைசியில் வந்தது. அவர் "அந்தப் பெரியவரு நல்லாருக்காரா?" என்று மட்டும் கேட்டார். "நல்லாருக்காரு. அவரு வாசல் கேட்டத் தாண்டதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டேன்." "ம்" என்றார். ரெண்டு பஸ்கள் போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீயா எதையாவது நினைச்சுக்காத என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். சொல்லியிருந்தால், திறந்ததையெல்லாம் மூடிக்கொண்டு எழுந்திருப்பாள். "எனக்கு என்ன சொல்லதுன்னு தெரியல, வடிவு" என்றார். "எனக்கும் தெரியல" என்றாள். "நீ ஒரு ராத்திரி முழுசாத் தூங்கி ரெண்டு வருசம் ஆவுது. அதுனாலயும் இருக்கும். வேற எதுனாலயும் இருக்கும். நாமளே எப்பிடிச் சொல்ல முடியும்?" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ ராத்திரி எந்திரிக்கது எனக்குத் தெரியும். முழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். நீ பாத்துக்கிடுவன்னு படுத்திருப்பேன்." அதை அவர் கேட்காமலே சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். இன்றைக்கு அதைத் தூக்கத் தெம்பில்லை, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

"திங்கக்கிழமை டாக்டரம்மாட்ட சொல்லப் போறேன்" என்றாள். சொல்லுகிற வரைக்கும் அப்படி ஒரு முடிவு இருந்தது அவளுக்கே தெரியாது. "மாத்திரை மாறினதச் சொல்லணும். கொஞ்ச நாளைக்கு நான் எடுத்து வைக்கத நர்ஸ் ஒருக்க பாத்துட்டுக் குடுக்கட்டும். எனக்கு என்னன்னும் பாக்கச் சொல்லணும்." "நானும் வரட்டா?" என்றார். "வாங்க" என்றாள். பைக்கில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. எங்கே கையை வைப்பது என்றுகூடப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பயம் போகவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ, அதற்கடுத்து இன்னொரு பரிசோதனை, அதற்கடுத்து இன்னொன்று, அம்மா ஒரு மாசத்தில் திரும்பி வந்து வாசலில் நின்று, யார் வீடும்மா இது என்று கேட்பாள். எல்லாம் அப்படியே வரிசையில் நின்றன. வண்டி பாலத்தில் ஏறியதும் காற்று வந்தது. அதோடு தூக்கமும் வந்தது, அனல் வந்த அதே வழியில், ஆனால் மேலிருந்து கீழாக. தலை அவர் முதுகில் சாய்ந்தது. பட்டப்பகலில், நடுரோட்டில், நாலு பேர் பார்க்க. வீடு இருக்கிற பாளையங்கோட்டையில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. கம்பவுண்டரம்மா, புருஷன் முதுகில் சாய்ந்துகொண்டு போகிறாள் என்று யாராவது சொல்லுவார்கள். சொல்லட்டும். "ஏளா, தூங்கிராத, விழுந்துருவ" என்று அவர் முன்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். "பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்" என்றாள்.